பல வீட்டு அரிசி

அப்பா அன்றைக்குப் பகல் பதினொன்று இருபதுக்கு வீட்டுக்கு வந்தார். பொன்னுக்கு வீங்கி வந்து, தாடையில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தேன். அதனால் எனக்குத் தெரியும். அம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள், திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தாள். முதல் ஷிப்டுக்குப் போனவர், மூன்று மணிக்குச் சங்கு ஊதிய பிறகுதான் வரவேண்டும்.

வழக்கமாக அப்பா மில்லிலிருந்து கிழவராகத்தான் திரும்புவார். தலைமுடி, புருவம், மீசை, காது மடல் எல்லாவற்றிலும் பஞ்சு படிந்திருக்கும். வாசலிலேயே நிறுத்தி வைத்து அம்மா துண்டால் தட்டிவிட்ட பிறகு, எங்கள் அப்பாவாக உள்ளே வருவார். அன்றைக்குத் தட்டிவிட ஒன்றுமில்லை. கறுகறுவென்ற முடியும் மீசையுமாக, கையில் திறக்காத தூக்குச்சட்டியோடு நின்றார். எனக்கு அவரை அப்படிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"என்னங்க, இந்நேரத்துல வந்துருக்கீக?" என்றாள் அம்மா.

"மில்லு கேட்டப் பூட்டிட்டாக" என்றார் அப்பா.

இத்தனை வருடம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை, சமையல்கூட முடியாத நேரத்தில், எங்கள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. என் கணவர் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, ஆர்டர் நின்றுவிட்டது, எல்லா ஊரிலும் இப்படித்தான், திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். உள் அறையில் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மின்விசிறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அவளைவிட எவ்வளவோ சின்ன வயதில் என் காதில் என்னென்ன விழுந்தது, அதில் எனக்கு என்ன விளங்கியது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அன்றைக்கு மில் ஏன் பூட்டப்பட்டது என்பதை அப்பா தூக்குச்சட்டிச் சோற்றைத் தட்டில் கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். மாஸ்டர் கேட்டில் நின்று எல்லோருக்கும் விளக்கினாராம். மாஸ்டர் என்றால் ஸ்பின்னிங் மாஸ்டர். அப்பாவுக்கும் அப்பாவைப் போல ரிங் பிரேம் என்ற நூற்பு மெஷின் ஓட்டிய அத்தனை பேருக்கும் மேலே இருந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து போவார். ஆயுத பூசைக்குத் தொழிலாளர்களின் பிள்ளைகளை மில்லுக்குள் விடுவார்கள். அப்போது அவரைப் பார்த்திருக்கிறேன். தங்க நிறத்தில் கண்ணாடி போட்டிருந்தார். என்னைத் தூக்கிப் பிடித்து மெஷினுக்குச் சந்தனம் வைக்கச் சொல்லி, இரண்டு கையும் நிறையப் பொரி கொடுத்தார். எங்கள் வீட்டில் பெருமாளுக்கு அடுத்தபடி பெரியவர் அவர்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அவர் விளக்கியது இதுதான். நாடு முழுக்கத் துணி வாங்க ஆளில்லை. துணி விற்காததால் தறி ஓடவில்லை. தறி ஓடாததால் நூல் போகவில்லை, கிட்டங்கியில் நூல் மூட்டை கூரையை முட்டுகிறது. பஞ்சு விலை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. கரண்டும் பாதி நாள் இல்லை. வடக்கேயும் மில்களைப் பூட்டுகிறார்கள். வேலை போனவர்கள் யாரும் துணி வாங்குவதில்லை. அப்பா சொல்லிக்கொண்டே வந்து துணியில் தொடங்கித் துணியிலேயே முடித்தார். நான் படுத்துக்கொண்டே கேட்டுவிட்டு, இதற்கு வழி மிகவும் எளிது என்று கண்டுபிடித்தேன். எனக்கு உடனே ஒரு பட்டுப்பாவாடை வாங்கினால் மில்லைத் திறந்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த அக்கா சிரித்தாள். அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மாஸ்டர் கடைசியாகச் சொன்னதை அப்பா பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

"தெறக்கிற அன்னைக்கு நானே வீடு வீடா வந்து சொல்லுவேன். யாரும் மில்ல விட்டுட்டுப் போயிராதீக."

பிறகு தெரு மாறியது. அதுவரை பகலில் எங்கள் தெருவில் ஆண்களையே பார்க்க முடியாது. இப்போது தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் ஆண்கள் நின்றார்கள். பரோட்டாக் கடைக்காரர் அடுப்பை ஒரு வேளை மட்டும் பற்றவைத்தார். தையற்கடையில் புதுத்துணி வரவில்லை, பழைய துணியைப் பிரித்துச் சின்னதாக்கித் தைத்தார்கள். பால்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, நாளையிலிருந்து எவ்வளவு என்று கேட்காமலே பாதியாக ஊற்றத் தொடங்கினார். சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் நாலைந்து வீட்டுக் கதவு ஒன்றாகத் திறக்கும். வண்டி வேறு பக்கம் திரும்பியதும் ஒன்றாக மூடும்.

திருப்பூரிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. அவளைத் தன்னோடு அனுப்பிவைக்கும்படி கேட்டார். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை, சின்னக் கத்தரியால் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்க வேண்டும், அவ்வளவுதான், தங்குவது தன் வீட்டிலேயே என்றார். அங்கேயும் பெரியவர்களை நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளைகளை மட்டும் எடுக்கிறார்கள் என்று அவரே சொன்னார். பெரியவர்களுக்கு இல்லாத வேலை பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. அக்காவுக்கு ரயிலில் போகக் கிடைத்ததே என்று பொறாமையாகத்தான் இருந்தது.

அக்கா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளைப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னார்:

"புரட்டாசி முடியட்டும் மச்சான். அதுக்குள்ள மாஸ்டர் வந்து சொல்லிருவாரு."

"சரி மாப்ள. கடைசிச் சனி கழிச்சு மறுநா வாரேன். அன்னைக்கும் இதையே சொல்லக் கூடாது" என்று மாமா கிளம்பினார்.

புரட்டாசி பிறந்ததும் தெருவுக்கே மூச்சு வந்தது. அந்த மாதம் யார் வீட்டிலும் கறி எடுப்பதில்லை, அதனால் யார் வீட்டில் எடுக்க முடியவில்லை என்று தெரியாது. ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவரை விரதம் என்று எல்லோரும் மதித்தார்கள். முடிவெட்டப் போகாத ஆண்கள் மலைக்கு வேண்டியிருப்பதாகச் சொல்லித் தாடி வளர்த்தார்கள். சலூன்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் தாடி வளர்ந்திருந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை செம்பில் நாமம் இட்டு, கழுத்தில் துளசி சுற்றி, வீடு வீடாகப் போய் "கோவிந்தா" சொல்லி அரிசி வாங்குவது. வசதி உள்ளவர்களும் செய்வார்கள். பெருமாளுக்காகக் கை நீட்டினால் கர்வம் போகும் என்பது கணக்கு. நாலைந்து வீட்டில் ஆளுக்கொரு கை அரிசி வாங்கி, அன்றைக்கே பொங்கிப் பெருமாளுக்குப் படைத்துத் தளிகை போட்டுவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை, எங்கள் தெருவோடு அது முடிந்துவிடும்.

அந்த வருடம் அப்பா எல்லாச் சனிக்கிழமையும் எடுக்கப்போவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அதுவும் எங்கள் ஊரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, அங்கே பக்கத்தில்தானே திருவண்ணாமலை என்று பெருமாள் கோயில் மலை இருக்கிறது, மலைப் பெருமாளுக்குப் பக்கத்தில் எடுத்தால் புண்ணியம் கூடுதல் என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. என்னையும் சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி உட்காரவைத்துக் கூட்டிப் போனார். பிள்ளை கையில் செம்பு இருந்தால் மறுக்க மாட்டார்கள் என்று அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதை எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கோபுரம் தெரியத் தொடங்கியதும் இறங்கி, நெற்றியில் நாமம் போட்டுக்கொள்வோம். பிறகு தெருத் தெருவாக நடை. நான்தான் சத்தமாகக் கோவிந்தா சொல்வேன். அப்பாவின் குரல் எனக்குப் பின்னால் தணிந்து வரும். மில்லில் மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியதால் வீட்டிலும் கத்திப் பேசுகிறவர் அவர். அந்தத் தெருக்களில் மட்டும் அவர் குரல் அடங்கிப்போயிருந்தது. பெருமாளிடம் மெதுவாகப் பேச வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வீட்டில் சிவப்புக்கல் மூக்குத்தி போட்ட அம்மாள் ஒருத்தி, அரிசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போடாமலே எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"போன வருசமெல்லாம் ஒரு சனிக்கு ரெண்டு பேரு வந்தாலே பெருசு. இந்த வருசம் காலையிலருந்து வாசல அடைக்க முடியல. பெருமாளுக்கு எம்புட்டுப் பசியோ."

அப்பா சிரித்த முகமாகவே நின்றார். அரிசி விழுந்ததும் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். வீடு திரும்பும்வரை அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

இன்னொரு தெரு முக்கில், தேவதானம் ஊர்க்காரர் ஒருவர் எதிரே வந்தார். மில்லில் அப்பாவுக்குப் பக்கத்து மெஷின் ஓட்டியவர். நெற்றியில் நாமம், கையில் செம்பு. இரண்டு பேரும் ஒருவர் செம்பை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"என்னண்ணே, வேண்டுதலா?"

"ஆமா தம்பி, வேண்டுதல். ஒனக்கு?"

"எனக்கும்தாண்ணே."

பிறகு அவர் மேற்கே இருக்கும் தெருக்களுக்குப் போவதாகவும் நாங்கள் கிழக்கே போகலாம் என்றும் சொன்னார். மில்லில் மெஷின்களைப் பிரித்துக்கொள்வதுபோல அவர்கள் தெருக்களைப் பிரித்துக்கொண்டது எனக்குப் பெருமையாக இருந்தது.

கிழக்கே ஒரே ஒரு தெருவுக்குள் மட்டும் அப்பா நுழையவில்லை. முக்கிலேயே சைக்கிளைத் திருப்பினார். உள்ளே பெரிய பெரிய வீடுகள் தெரிந்தன. இங்கே நிறையப் போடுவார்களே என்று நான் கையை இழுத்தேன்.

"ஏட்டி, அந்தத் தெரு வேண்டாம். மாஸ்டர் வீடு இருக்கு" என்றார்.

மாஸ்டர் வீடு இருந்தால் அங்கேதானே முதலில் போக வேண்டும். இரண்டு கை நிறையப் பொரி கொடுத்தவர், அரிசியும் அப்படித்தானே கொடுப்பார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அப்பா அதற்குள் அடுத்த தெருவில் ஏறியிருந்தார். அடுத்த சனிக்கிழமையும் அதே முக்கில் அதே போலத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அரிசியை முறத்தில் கொட்டிப் பரப்புவாள். புழுங்கல், பச்சை, பொன்னி, பழுப்பேறிய ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் தவறிப்போட்ட உளுந்து எல்லாம் கலந்து கிடக்கும். அப்படியே உலையில் போட்டால் ஒன்று குழைந்து ஒன்று வேகாமல் நிற்கும் என்று, அவளும் அக்காவும் ஒவ்வொன்றாக ஒதுக்குவார்கள். முழுதாகப் பிரிக்க முடியாது. அந்த மாதம் நாங்கள் சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்திலும் குழைந்த சோறும் நறுக்கென்ற சோறும் சேர்ந்தே இருந்தன. பொன்னியை மட்டும் அம்மா தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். மாஸ்டர் சேதி சொல்ல வரும் அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்க வேண்டும் என்று.

ஒரு சனிக்கிழமை, தளிகைக்கு ஒரு ஆழாக்கு எடுத்துக்கொண்டு மீதியை அவள் டின்னில் கொட்டியதைப் பார்த்துவிட்டேன். மிச்சம் வைக்கக் கூடாதே, பெருமாள் அரிசி ஆயிற்றே என்று கேட்டேன்.

"பெருமாள் நம்ம வீட்லதான இருக்காரு. அவருக்கு நாளைக்குப் பசிக்காதா?" என்றாள் அம்மா.

அக்கா முறத்தைப் பார்த்தபடி ரேஷன் அரிசியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பாடப் புத்தகம் மடியில் விரித்தபடி இருந்தது. தெருவில் ஏதோ ஸ்கூட்டர் போனது. அவள் விரல் நின்றது. சத்தம் தேய்ந்து மறைந்ததும் மறுபடி விரல் நகர்ந்தது.

கடைசிச் சனிக்கிழமை அப்பா தனியாகப் போனார். சைக்கிள் அந்த வாரம் வீட்டில் இல்லை. ரிப்பேருக்கு விட்டிருப்பதாக அவர் சொன்னதை நம்பினேன். நடந்தே போவதும் வேண்டுதல்தான் என்றார். மறுநாள் மாமா வரவேண்டிய நாள். அக்கா காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, கேட்காமலே எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தாள். பாத்திரங்களைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

உச்சி வெயிலில் வாசலில் குரல் கேட்டது. கோவிந்தா, கோவிந்தா என்று மிகவும் தணிந்த குரல். பெருமாளுக்குப் போடுகிற வேலை என்னுடையது. கையில் அரிசியை அள்ளிக்கொண்டு ஓடினேன். நல்ல வேட்டி, மேலே துண்டு, பளபளவென்று வெண்கலச் செம்பு. காலில் செருப்பில்லை. சூடு பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். நாமத்துக்குக் கீழே தங்க நிறக் கண்ணாடி.

அரிசியை வாசல் திண்டிலேயே போட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினேன்:

"யம்மா, மாஸ்டர் வந்துட்டாரு!"

அக்கா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். அந்த ஓட்டம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. வாசல்படியில் வந்ததும் செம்பைப் பார்த்தாள். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அம்மா பின்னாலேயே வந்தாள்.

அது யார் வீடு என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு தெரு என்றுதான் வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். யாருடைய மகள் என்று என்னிடம் கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன், எந்த ஷிப்டு என்பதையும் சேர்த்து. அவர் செம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மில்லு தெறந்துட்டாகளா சார்?" என்றேன்.

அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். உள்ளே போனாள். பொன்னி அரிசி டப்பாவோடு திரும்பி வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டப்பாவைக் கவிழ்த்து முழுவதையும் அவர் செம்பில் கொட்டினாள். போதும்மா, போதும்மா என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். செம்பு நிரம்பித் துளசிக்கு மேலே வழிந்து, திண்டில் நான் சிந்திய அரிசியோடு கலந்தது. பணக்காரருக்குப் போய் நல்ல அரிசியைக் கொட்டுகிறாளே என்று எனக்கு அம்மாமேல் கோபமாக வந்தது. மாஸ்டர் தாமே பெருமாளுக்காகச் செருப்பில்லாமல் நடக்கிறார் என்றால் அவருடைய வேண்டுதல் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்றும் தோன்றியது.

அவர் உடனே போய்விடவில்லை. அப்பா எங்கே என்று என்னைக் கேட்டார். வில்லிபுத்தூருக்கு அரிசி எடுக்கப் போயிருக்கிறார் என்றேன். அப்பாவைத் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன்:

"எல்லாத் தெருவுக்கும் போவாக சார். ஒங்க தெருவுக்கு மட்டும்தான் வர மாட்டாக."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எங்கள் தெருவின் மற்ற வீடுகள் எதற்கும் போகாமல் வந்த வழியே திரும்பி நடந்தார்.

அவர் சொன்னது எனக்கு நல்ல சேதியாகவே பட்டது. பொரி கொடுத்த கை அரிசியும் கொடுக்கத்தான் போகிறது. அப்பா வந்ததும் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று, மறந்துவிடாமல் இருக்க அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு தெருமுனைக்குப் போய் நின்றேன். நடுவில் தண்ணீர் குடிக்க ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, அக்காவின் பள்ளிக்கூடப் பை காலியாக இருந்தது. புத்தகங்கள் அலமாரியில் அடுக்கியிருந்தன. அம்மா அந்தப் பைக்குள் அவளுடைய பாவாடைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ரயிலில் சாப்பிட என்ன கட்டித் தருவார்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பவும் முனைக்கு ஓடினேன்.

வெயில் சாய்ந்த பிறகு அப்பா தூரத்தில் வந்தார். தோளில் துண்டில் கட்டிய சிறிய மூட்டை, கையில் செம்பு. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மாஸ்டர் நம் வீட்டுக்கு வந்திருந்தார் என்றேன். அப்பா அப்படியே நின்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

"என்ன சொன்னாரு பாப்பா?" என்றார்.

மாஸ்டர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

"இனிமே அப்பாவ எங்க தெருவுக்கும் வரச் சொல்லு."